மாமாவின் இடது கண்

சிட்டு வேலைக்குச் சேர்ந்த அன்று மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"இதோ பாரும்மா, நீ எனக்கு மச்சினிங்கறதெல்லாம் மாடியில. கீழ கடைக்கு இறங்கி வந்துட்டா நான் முதலாளி, நீ புரோகிராம் எழுத வந்த பொண்ணு. புது ஏற்பாடு ஓட ஆரம்பிச்ச முதல் வாரத்துல ஒரு கண்ணாடிகூட சரியில்லைன்னு திரும்பி வரக்கூடாது. வரலைன்னா வேலை உனக்கு. வந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்."

"ஒண்ணே ஒண்ணு வந்தாலுமா மாமா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

கவுன்ட்டருக்குப் பின்னால் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, 'சரின்னு சொல்லேண்டி' என்று கண்ணைக் காட்டினாள். சிட்டு சரியென்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? இதற்கு முன் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அலுவலகம் ஒன்றில், யாருமே திறந்து பார்க்காத புரோகிராம்களாக எழுதித் தள்ளி அலுத்துப்போய் வேலையை விட்டிருந்தாள். தான் எழுதியது யாருக்காவது பயன்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. மூக்குக் கண்ணாடிக் கடையை விட அதற்குப் பொருத்தமான இடம் ஏது? அவள் எழுதியது நேராகப் போய் ஒருவர் மூக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஊருக்குத் திரும்பினால் அம்மா இருக்கிறாள். அம்மாவின் கைபேசியில் மாப்பிள்ளைப் படங்கள் இருக்கின்றன. "வேலைதான் இல்லையே, கல்யாணத்தையாவது பண்ணிக்கோ" என்ற பேச்சு தயாராக இருக்கிறது.

கடையின் முன்பக்கத்தில் கவுன்ட்டர், ஆளுயரக் கண்ணாடி, சுவரில் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் எழுத்துப் பலகை. ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பட்டறை. அங்கே லென்ஸ் சாணை பிடிக்கும் இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றும். பால் போல வெளுத்த தண்ணீர் குழாய் வழியாக வாளியில் இறங்கும். ஃபிரேமைச் சூடாக்கும்போது வரும் பிளாஸ்டிக் வாசனை எப்போதும் லேசாக இருக்கும். மாடியில் வீடு. பட்டறையின் ஒரு மூலையில் மேசை போட்டு சிட்டுவை உட்கார வைத்தார்கள். அவளுக்கு எதிரே சாணை இயந்திரம். இயந்திரத்துக்குப் பின்னால் சின்னவன்.

சின்னவன் மாமாவின் தம்பி. லென்ஸ் வெட்டுவது, ஃபிரேமில் பொருத்துவது எல்லாம் அவன்தான். அக்கா கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒரு சித்தி, "அடுத்த ஜோடி ரெடியா இருக்கு" என்று இவனையும் சிட்டுவையும் கைகாட்டிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "ஐயோ, ஆளை விடுங்க" என்றார்கள். ஒரே குரலில் சொன்னதே தப்பாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தச் சித்தி, "என்ன ஒத்துமை பார்த்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே திரிகிறாள். அவள் வாயை அடைப்பதற்காகவே இருவரும் பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டார்கள். நாளடைவில் சண்டை நன்றாக வர ஆரம்பித்துவிட்டது.

"வந்துட்டீங்களா கம்ப்யூட்டர் மேடம்? என் மெஷினை ஒண்ணும் பண்ணிடாதே தாயே."

"உங்க மெஷின் என்ன செய்யணும்னு சொல்றதே என் புரோகிராம்தான், சின்னவரே. நீங்க வாளித் தண்ணியை மாத்தினாப் போதும்."

இதுதான் முதல் நாள் வரவேற்பு.

வேலை என்னவென்றால், கடையின் புரோகிராம் ஒரு சின்ன மொழியில் எழுதப்பட்டிருந்தது. கண் டாக்டர் எழுதிய பவரை அக்கா கவுன்ட்டரில் தட்டினால், அதைக் கணக்குப் போட்டு, எந்தக் கோணத்தில் எப்படி வெட்ட வேண்டும் என்று சாணை இயந்திரத்துக்குச் சொல்லும். மொழி நல்ல மொழிதான். ஆனால் எந்த மொழியும் தானாக ஓடாது. நாடகத்துக்கு மேடை வேண்டியது போல, அது ஓடுவதற்கு அடியில் ஒரு மேடை வேண்டும். அந்த மொழியைச் செய்தவர்கள் பழைய மேடையைக் கைவிட்டு, புதிய மேடைக்கு மாறிவிட்டார்கள். கடையின் பழைய கம்ப்யூட்டரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் பழைய மேடை ஏறாது. அதனால் நாடகத்தை அப்படியே தூக்கிப் புது மேடையில் வைக்க வேண்டும். வசனத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சாமான்கள் எங்கே இருக்கின்றன என்று புது மேடைக்குச் சொல்லித் தர வேண்டும்.

புரோகிராம் என்பது ஒரே துண்டாக இருப்பதில்லை. பவருக்கு ஒரு துண்டு, ஃபிரேம் அளவுக்கு ஒரு துண்டு, கோணத்துக்கு ஒரு துண்டு என்று பல மாட்யூல்கள், பல ஃபோல்டர்களில். 'கோணம் எங்கே?' என்று மேடைக்கு ஒரு தேவை வந்தால், முதலில் இந்த ஃபோல்டரில் பார், இல்லையென்றால் அடுத்ததில் பார் என்று வரிசையாக ஒரு பாதை போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதற்குத் தேடுபாதை என்று பெயர். பழைய மேடைக்குப் போட்ட தேடுபாதையைப் புது மேடை திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கென்று தனி இடம், தனி எழுத்துமுறை. சிட்டு பழைய வரிசையை வரி பிசகாமல் புது இடத்தில் எழுதினாள். முதலில் 'மாட்யூலைக் காணோம், காணோம்' என்று ஒப்பாரி வைத்த புரோகிராம், கடைசியில் வாயை மூடிக்கொண்டு ஓடியது.

தன்னுடைய பவரைப் போட்டுப் பார்த்தாள். சரி. அக்காவின் பவர், சரி. சின்னவனுக்குக் கிட்டப்பார்வை. அதையும் போட்டுப் பார்த்தாள்.

"என் கண்ணை வச்சு விளையாடறியா?"

"பயப்படாதீங்க. ஏற்கெனவே உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

சிலர் கண்ணின் வளைவு ஒரு திசையில் மட்டும் மாறியிருக்கும்; அவர்களுக்குச் சிலிண்டர் பவரோடு, அதை எந்தக் கோணத்தில் வைப்பது என்றும் டாக்டர் எழுதுவார். அப்படிப்பட்ட பழைய வாடிக்கையாளர் ஒருவருடையதையும் போட்டாள். தொண்ணூறு டிகிரிக் கோணம். அதுவும் சரி.

புது ஏற்பாடு தொடங்கிய திங்கட்கிழமை, மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "முதல் கண்ணாடி என்னுது. கடைக்காரனே போட்டுக்கலைன்னா வர்றவங்க எப்படி நம்புவாங்க? என் கண்ணாடியும் கீறல் விழுந்துதான் கிடக்கு."

இயந்திரம் சுற்றியது. லென்ஸ் வந்தது. அதைச் சரிபார்க்கும் கருவியில் வைத்தான் சின்னவன். பச்சை விளக்கு எரிந்தது. ஃபிரேமில் பொருத்தி அண்ணனுக்கு மாட்டிவிட்டான். மாமா ஒரு முறை தரையைப் பார்த்தார். நிலைப்படியைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டினார்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் அக்கா.

"பிரமாதம்," என்றார் மாமா.

வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு கண்ணாடியும் திரும்பி வரவில்லை. சிட்டு தினமும் காலையில் கவுன்ட்டரை எட்டிப் பார்ப்பாள். அக்கா கையை விரித்துக் காட்டுவாள். அவள் நிம்மதியாகத் திரும்பி வந்து சின்னவனோடு சண்டையைத் தொடங்குவாள்.

அந்த வாரச் சண்டை ஒரு திருப்புளியைப் பற்றியது. ஃபிரேமின் காதுகளில் இருக்கும் அரிசி மணி போன்ற திருகாணிகளை முடுக்க, சின்னவன் ஒரு குட்டித் திருப்புளி வைத்திருந்தான். முனை மழுங்கிப்போனது. திருகாணி நழுவும்போதெல்லாம் அதைத் திட்டுவான். கேட்கச் சகிக்காமல், சிட்டு வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே புதிதாக ஒன்று வாங்கி வந்து அவன் தட்டில் வைத்திருந்தாள். அவனோ இன்னமும் மழுங்கலைத்தான் எடுத்தான்.

"கண்ணு தெரியலையா? தட்டுல புதுசு இருக்கு."

"தெரியுது."

"அப்புறம் ஏன் அதையே போட்டுக் குடையறீங்க?"

"நான் வேணும்னேயா எடுக்கறேன்? கை முதல்ல சட்டைப் பைக்குத்தான் போகுது. அங்கே இது இருக்கு. கிடைச்சிடுச்சுன்னா அப்புறம் தட்டுக்கு எதுக்குப் போகணும்?"

"அப்ப பையில இருக்கறதைத் தூக்கிப் போடுங்க."

"போட மாட்டேன். எனக்கு ராசியானது."

"நாளைக்கு ஒரு கண்ணாடி காது கழண்டு விழும். அப்ப ராசியை வச்சு ஒட்டுங்க."

வியாழக்கிழமை கவுன்ட்டரில் தொலைபேசி அடித்தது. சிட்டு தண்ணீர் குடிக்க வந்தவள் அப்படியே நின்றாள். எதிர்முனையில் அடுத்த தெருத் தையல்காரம்மா. குரல் ஃபோனை விட்டு வெளியே வந்தது.

"என்னன்னே தெரியலைங்க. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெட்டினா கை எல்லாம் ஒருபக்கமாப் போகுது. நேத்து ஒரு அம்மா சட்டையைப் போட்டுப் பார்த்துட்டு, என்ன தோள் இறங்கியிருக்குன்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

"புது பவர் இல்லையா, அப்படித்தான் இருக்கும்," என்றாள் அக்கா தேன் ஒழுக. "ரெண்டு நாள் விடாமப் போட்டுக்கோங்க. பழகிடும்."

"பழகிடுமா?"

"கண்டிப்பாப் பழகிடும்."

அந்தக் கடையில் அதிகம் விற்பது கண்ணாடியா, 'பழகிடும்' என்ற சொல்லா என்று கேட்டால் சொல்வது கடினம். மாமா சொல்வார், அக்கா சொல்வாள், சின்னவன்கூட இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சொல்வான். பொய்யும் இல்லை. புதுக் கண்ணாடி எல்லோருக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். வாடிக்கையாளர்களும் நல்லவர்கள். நம்பி வீட்டுக்குப் போய்ப் பழகுவார்கள்.

தையல்காரம்மாவும் நம்பினார். சிட்டு மட்டும் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் மத்தியானம் மாமா மாடிப்படி ஏறுவதைப் பார்த்தாள். மனிதர் ஒவ்வொரு படிக்கும் காலை முழங்கால் வரை தூக்கினார், வெள்ளத்தில் நடப்பவர் போல. சிட்டு சத்தமில்லாமல் பின்னாலேயே போனாள். அவர் மேலே போய் உட்கார்ந்து சொம்பிலிருந்து தண்ணீர் சரித்தார். பாதி டம்ளரில் விழுந்தது, மீதி மேசையில். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, துண்டால் மேசையைச் சடக்கென்று துடைத்தார். பிறகு சுவரில் நேராக மாட்டியிருந்த கல்யாணப் படத்தை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டு, தள்ளி நின்று திருப்தியாகப் பார்த்தார்.

சிட்டு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

கீழே ஓடி வந்தாள். "சின்னவரே, மாமா கண்ணாடியை நீங்க ஒழுங்காத்தானே வெட்டினீங்க?"

"ஏன், என்ன?"

"மாமா நீச்சல் அடிக்கிற மாதிரி மாடி ஏறறாரு."

"நானும் பார்த்தேன்," என்றான் சின்னவன். இயந்திரத்தை நிறுத்தினான். "மூணு நாளாப் பார்க்கறேன். மூட்டுவலின்னு நினைச்சேன். என் வெட்டு சரிதான். பச்சை விளக்கு எரிஞ்சுது, நீயும்தானே பார்த்தே."

"பச்சை விளக்கு எதை வச்சு எரியுது?"

"புரோகிராம் சொல்ற எண்ணும் லென்ஸும் ஒத்துப்போனா எரியும்."

"புரோகிராமே தப்பாச் சொல்லியிருந்தா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் தடவையாகச் சண்டை வரவில்லை.

அலமாரியின் மேல்தட்டில், கையால் சக்கரம் திருப்பிப் பார்க்கும் பழைய பவர்க் கருவி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதற்கு எந்தப் புரோகிராமும் தெரியாது. லென்ஸில் இருப்பதை அப்படியே காட்டும். ஆனால் வைத்துப் பார்க்க மாமாவின் கண்ணாடி வேண்டுமே? சாப்பிட்டு முடித்ததும் அவர் முகம் கழுவப் போவார் என்று காத்திருந்தார்கள். குழாய்ச் சத்தம் கேட்டதும் சின்னவன் பூனை மாதிரி மேலே போய்க் கண்ணாடியோடு இறங்கி வந்தான்.

"யாருடா என் கண்ணாடியை எடுத்தது?" மேலேயிருந்து குரல் வந்தது.

"தெரியலைண்ணே! நல்லாத் தேடிப் பாரு!"

"கண்ணாடி இல்லாம எப்படிடா தேடறது?"

சின்னவன் சக்கரத்தைத் திருப்பினான். வலது கண் சரி. இடது கண்ணுக்கு டாக்டர் எழுதியது முப்பது டிகிரி. கருவி காட்டியது நூற்றைம்பது. முகம் பார்க்கும் கண்ணாடியில் இடதும் வலதும் மாறித் தெரிவது போல, கோணம் அப்படியே கவிழ்ந்திருந்தது.

சிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். புரோகிராமில் கோணம் பார்க்கும் மாட்யூலைத் திறந்தாள். ஒழுங்காக இருந்தது. மறுபடி படித்தாள். ஒரு தப்பும் இல்லை. இதை வைத்துக் கணக்குப் போட்டால் முப்பது முப்பதாகத்தான் வரும். பிறகு எங்கிருந்து நூற்றைம்பது?

சின்னவன் மாமாவின் கண்ணாடியைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும் முன், தளர்ந்திருந்த அதன் காதை முடுக்கப் போனான். கை தன் பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போய் மழுங்கல் திருப்புளியை எடுத்தது. தட்டில் புதியது பளபளவென்று சும்மா கிடந்தது.

சிட்டு அதையே பார்த்தாள்.

"இருங்க," என்றாள். "அதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஆரம்பிச்சிட்டியா? இப்பப் போய்த் திருப்புளிச் சண்டையா?"

"சண்டை இல்லை. முதல்ல பையிலதானே தேடினீங்க? தட்டுக்கு வரவே இல்லை?"

"அதான் பையிலயே இருக்கே."

"ஐயோ கடவுளே," என்று சிட்டு விசைப்பலகை மேல் கவிழ்ந்தாள்.

அவள் தப்பு அதுதான். தேடுபாதையை வரி பிசகாமல் எழுதினாள். ஆனால் புது மேடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன வரிசை எழுதிக் கொடுத்தாலும், முதலில் புரோகிராம் இருக்கும் சொந்த ஃபோல்டருக்குள் ஒரு தடவை தேடிவிட்டுத்தான் வெளியே வரும். பழைய மேடைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது கொடுத்த வரிசையை மட்டுமே பார்க்கும். சொந்த ஃபோல்டருக்குள் 'கோணம்' என்ற பெயரில் இன்னொரு மாட்யூல் இருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த புரோகிராம்காரருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. அவர் உட்கார்ந்த உடைந்த நாற்காலிகூட இன்னும் மாடிப்படி வளைவில் இருக்கிறது. முதலில் இருந்த டாக்டர் இரண்டு கண்ணுக்கும் மூக்குப் பக்கமிருந்து கோணத்தை எண்ணுபவர். அதற்கு ஏற்ப இடது கண்ணை மட்டும் கவிழ்த்துக் கொடுக்கும்படி புரோகிராம்காரர் ஒரு மாட்யூல் எழுதினார். டாக்டர் மாறியதும் அதே பெயரில் புதிதாக ஒன்று எழுதி, வேறு ஃபோல்டரில் வைத்து, வரிசையில் முதலில் சேர்த்தார். பழையது பாவம், போகட்டும் என்று கிடந்தது. சிட்டு இரண்டையும் பார்த்தாள். ஒரே பெயர்தானே, ஒரே சரக்கின் இன்னொரு பிரதி என்று நினைத்துவிட்டாள்.

தொண்ணூறு டிகிரியைக் கவிழ்த்தாலும் தொண்ணூறுதான். அதனால் சோதனையில் பிடிபடவில்லை. சிலிண்டரே இல்லாதவர்களுக்கு எதைக் கவிழ்த்தால் என்ன? இடது கண்ணில் சாய்ந்த கோணம் உள்ளவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். தேடிப் பார்த்ததில் அந்த வாரத்தில் மாமா, தையல்காரம்மா, சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஒருவர். அவ்வளவுதான். மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

பழைய மாட்யூலை அங்கிருந்து எடுத்த பிறகு ஓட்டினாள். முப்பது முப்பதாக வந்தது. ஒரு நிமிட வேலை.

சின்னவன் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொல்றதைக் கேளு. நாளைக்குத்தான் கடைசி நாள். இதுவரைக்கும் ஒரு கண்ணாடியும் திரும்பி வரலை. அண்ணன் கண்ணாடியை அவர் தூங்கும்போது மாத்திடறேன். மத்த ரெண்டு பேரையும் 'புதுக் கண்ணாடிக்கு ஃப்ரீயா சுத்தம் செஞ்சு தர்றோம், வாங்க'ன்னு கூப்பிடறேன். உள்ள எடுத்துட்டு வந்து லென்ஸை மாத்திப் பளபளன்னு கொடுத்துடுவோம். 'அட, இன்னிக்குத்தான் பழகிடுச்சு'ன்னு சந்தோஷமாப் போவாங்க. உன் வேலையும் நிக்கும்."

அவன் சொன்ன விதம் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. 

"எதுக்கு உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்? நான் போயிட்டா மூலையில மேசை காலியாகும். வாளி வச்சுக்கலாம்."

"வாளியோட சண்டை போட முடியுமா?" என்றான் அவன், திருப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

சிட்டு வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். 

"வேண்டாம்," என்றாள் பிறகு. "கண்ணாடி திரும்பி வராததுக்குக் காரணம் என் புரோகிராம் இல்லை. அக்காவோட 'பழகிடும்'தான். அந்தத் தையல்காரம்மா, தன் கைதான் போச்சுன்னு நினைச்சிட்டு உட்கார்ந்திருப்பாங்க. என் தப்புக்கு அவங்க ஏன் அவங்களையே சந்தேகப்படணும்? சொல்லித்தான் மாத்தணும்."

"சொன்னா நீ போக வேண்டியிருக்கும்."

"தெரியும்."

"அண்ணன் சொன்னா சொன்னதுதான்."

"தெரியும்ங்கறேன்ல. நீங்க லென்ஸை வெட்டுங்க."

அவளே தொலைபேசியை எடுத்தாள். "அம்மா, உங்க கை சரியாத்தான் இருக்கு. கண்ணாடிதான் தப்பு. நான்தான் தப்புப் பண்ணினேன். நாளைக்குக் காலையில கொண்டு வர்றீங்களா?"  தையல்காரம்மா, "அப்பாடா! எனக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சுட்டேம்மா," என்று சிரித்தார். வண்ணம் அடிப்பவர், "நான் அடிச்ச பார்டர் மட்டும் எப்படி ஏத்தமாப் போச்சுன்னு இப்பத்தான் புரியுது. வீட்டுக்காரர் அதையே டிசைன்னு நினைச்சுப் பாராட்டிட்டாருங்க," என்றார்.

அன்று மாலையே சிட்டு பெட்டியைக் கட்டிக் கீழே கொண்டுவந்து, கவுன்ட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை கவுன்ட்டரில் இரண்டு கண்ணாடிகள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் தையல்காரம்மாவும் வண்ணம் அடிப்பவரும் நின்றார்கள். மாமா படி இறங்கி வந்தார், காலைத் தூக்கித் தூக்கி வைத்து. கண்ணாடிகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"என்ன இது?"

"திரும்பி வந்திருக்கு மாமா," என்றாள் சிட்டு. "மூணாவது உங்க மூக்கு மேல இருக்கு." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொந்த ஃபோல்டர், பழைய மாட்யூல், சட்டைப் பைத் திருப்புளி எல்லாவற்றையும்.

மாமா கேட்டு முடித்தார். "இவங்க ரெண்டு பேரும் தானா வந்தாங்களா?"

"இல்லை. நான்தான் கூப்பிட்டேன்."

"கூப்பிடாம இருந்திருந்தா?"

"வந்திருக்க மாட்டாங்க. பழகியிருப்பாங்க."

சின்னவன் பேசாமல் புது லென்ஸ் போட்ட கண்ணாடியை அண்ணனிடம் நீட்டினான். மாமா பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினார். தரையைப் பார்த்தார். நிலைப்படியைப் பார்த்தார். விறுவிறுவென்று மாடிப்படி ஏறி, விறுவிறுவென்று இறங்கி வந்தார். இன்னொரு தடவை ஏறினார். மேலே கல்யாணப் படத்தை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க?" என்றாள் அக்கா, பயந்துபோய்.

"திங்கட்கிழமையே தெரியும்டி, தரை சாயுதுன்னு. எப்படிச் சொல்றது? கடை திறந்த நாள்லேருந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் பழகிடும், பழகிடும்னு சொன்னவன், எனக்கே பழகலைன்னு எந்த வாயால சொல்றது? வெட்கமா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்னு இருந்தேன்." சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரி எத்தனை பேர் நம்ம பேச்சைக் கேட்டுட்டுப் பழகாமலே பழகினாங்களோ."

 தையல்காரம்மா ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று தோள்களை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிபந்தனைன்னா நிபந்தனைதானே மாமா," என்று சிட்டு பெட்டியைத் தூக்கினாள். "நான் கிளம்பறேன்."

"வை கீழ. முதலாளி நான். நிபந்தனையை நான்தான் தப்பாப் போட்டுட்டேன். திரும்பி வரக்கூடாதுன்னேன், பாரு, அதுதான் தப்பு. திரும்பி வர வேண்டியது வரணும். அதுக்கு ஒரு ஆள் வேணும். கண்ணாடி வாங்கினவங்களுக்கு மூணாம் நாள் நீயே ஃபோன் போட்டு, எப்படி இருக்குன்னு கேக்கற. அந்தக் கைக் கருவியையும் மேலேருந்து இறக்கி வை, ஒவ்வொரு லென்ஸையும் அதுலயும் பார்க்கணும். இன்னொண்ணு. இனிமே இந்தக் கடையில எவனாவது, எவளாவது, 'பழகிடும்'னு சொன்னா..." சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் உட்பட."

"அப்ப நான் வர்றவங்ககிட்ட என்னதான் சொல்றது?" என்றாள் அக்கா, பாதிச் சொத்தைப் பறிகொடுத்தவள் போல.

வாடிக்கையாளர்கள் போன பிறகு சிட்டு பட்டறைக்குள் வந்தாள். சின்னவன் ஏதோ ஒரு ஃபிரேமின் காதை முடுக்கிக்கொண்டிருந்தான். கையில் புதுத் திருப்புளி. சட்டைப் பை தட்டையாக இருந்தது.

"ராசி எங்கே போச்சு?"

"தூக்கிப் போட்டுட்டேன். நீ வாங்கிக் கொடுத்தது தேஞ்சிடக் கூடாதுன்னுதான் தட்டுலயே வச்சிருந்தேன். அதைப் போய் உன்கிட்டச் சொல்லுவாங்களா?"

சிட்டு பதில் சொல்வதற்குள், முன்பக்கத்தில் அக்காவின் கைபேசி அடித்தது. பேசிவிட்டு அக்கா தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள். "அம்மாதான்டி. வேலை நிச்சயமாயிடுச்சுன்னு சொன்னேன். சந்தோஷம், ஆனா மாப்பிள்ளை தேடறதை நிறுத்த மாட்டேங்கறா. நாலு ஊர்ல சொல்லி வச்சிருக்காளாம்."

"ஏன் அண்ணி அவ்வளவு தூரம் தேடணும்?" என்றான் சின்னவன், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். காது மட்டும் சிவந்திருந்தது. "புது மேடை முதல்ல சொந்த வீட்டுக்குள்ளதான் தேடுமாம். சிட்டுவே சொன்னா."

 மாமா செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

"ஆமா," என்றாள் சிட்டு. "அப்படித் தேடினதாலதான் தப்பான ஆளு முதல்ல வந்து மாட்டிச்சு."

"ஐயோ, ஆளை விடுங்கன்னு சொல்லேன், பார்ப்போம்."

சிட்டு வாயைத் திறந்தாள். அது வரவில்லை. சிரிப்புதான் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இவரோட தினமும் சண்டை போட்டுக்கிட்டு எப்படிக்கா காலம் தள்றது?" என்று கேட்டாள்.

அக்கா பூரித்துப்போய், வழக்கமான குரலில், "அதெல்லாம் ரெண்டு நாள்ல பழ..." என்று ஆரம்பித்தாள்.

மாமா விரலைத் தூக்கினார். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.